துரையின் மேலங்கி

இந்த மேசையை யாராவது ஓர் ஈரத்துணியால் துடைத்தால் நன்றாக இருக்கும். உங்களைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு முன்னால் இங்கே உட்கார்ந்திருந்தவர் எண்ணெய் வழிகிற எதையோ சாப்பிட்டிருக்கிறார், அவர் முழங்கையை ஊன்றிய இடம்கூடத் தெரிகிறது. பரவாயில்லை, நான் கையை மடியில் வைத்துக்கொண்டே பேசுகிறேன். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தத் தாளில் "விபத்து" என்று எழுதியிருப்பதைப் பார்த்தேன். தலைகீழாக இருந்தாலும் எனக்குப் படிக்க வரும், பழைய வரைபடங்களோடு மாரடித்த கண். குளிரறைக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது, உள்பக்கக் கைப்பிடி பழுது, பெரியவர் உள்ளே மாட்டிக்கொண்டார், நான் கவனிக்கவில்லை. முதலில் நானும் அப்படித்தான் சொன்னேன். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனால் தூக்கம் வரவில்லை. விபத்து என்றால் யாரோ அசட்டையாக இருந்தார்கள் என்று பொருள். என் பொறுப்பில் இருக்கும் அடித்தளத்தில் அசட்டையால் ஒரு காகிதம்கூடக் கிழிந்தது கிடையாது. நாளைக்கு யாராவது என் வேலையைப் பற்றி அப்படிப் பேசுவதை என்னால் சகித்துக்கொள்ள முடியாது. அதனால்தான் நானே திரும்பி வந்தேன்.

எங்கள் நூலகத்தை நீங்கள் வெளியிலிருந்துதான் பார்த்திருப்பீர்கள். புவியியல், கடல் கடந்து போனவர்களின் பயணங்கள், போன இடத்தை அவர்கள் பிடித்துக்கொண்ட வரலாறு, இவை மட்டும்தான் அங்கே. கதைப் புத்தகம் ஒன்றுகூடக் கிடையாது என்று பெருமையாகச் சொல்வோம். இருப்பதில் பாதி கதைதான் என்பது வேறு விஷயம். மேல்மாடியில் வாசகர் கூடம், அதற்குக் கீழே வரைபட அறை, தரைத்தளத்தில் காட்சிக்கூடம், அடித்தளத்தில் பாதுகாப்புப் பிரிவு. அந்தப் பிரிவுக்கு நான் தலைமை. பூச்சி, பூஞ்சை, மனிதர்கள் ஆகிய மூன்றிடமிருந்தும் அங்குள்ள பொருட்களைக் காப்பது என் வேலை. மூன்றில் மனிதர்கள்தான் மோசம்.

வாசகர் கூடத்தில் ஒருநாள் காலை நின்று பாருங்கள். ஒரு பேராசிரியர் விரலை நாக்கில் தொட்டுத்தான் பக்கம் புரட்டுவார். எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாயிற்று. "பழக்க தோஷம்மா" என்று சிரிப்பார், சிரிக்கிற பல்லிடுக்கில் காலைச் சாப்பாடு தெரியும். இன்னொருவர் பென்சிலால் காதைக் குடைந்துவிட்டு அதே பென்சிலை வைத்து ஆறு போகிற வழியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். தும்மிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்து, உள்ளங்கையால் படத்தைத் துடைக்கிறவர்களும் உண்டு. அவர்கள் போன பிறகு பஞ்சும் தூரிகையுமாக உட்கார்ந்து அந்தக் கண்றாவியை எடுப்பது நான். எங்கள் பைண்டர் கேலி செய்வார். "உங்களுக்கு மனுஷங்களையே பாலிதீன் கவர்ல போட்டு ஒட்டணும் மேடம், அப்பதான் நிம்மதி." நான் சிரித்துக்கொள்வேன். தப்பாக ஒன்றும் சொல்லிவிடவில்லை அவர்.

குளிரறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து வருகிற எந்தப் பொருளும் நேராக அலமாரிக்குப் போகாது. உறையில் போட்டு, காற்றுப் புகாமல் ஒட்டி, குளிரறையில் வைப்போம். இறைச்சிக் கிடங்குகளில் இருப்பதைப் போன்ற அறைதான், ஆனால் அதைவிடக் கடுங்குளிர். அந்துப்பூச்சி, அதன் புழு, முட்டை எல்லாம் செத்த பிறகுதான் பொருள் வெளியே வரும். கதவு கனமானது, ரப்பர் விளிம்பு வைத்தது, தன் பாரத்தாலேயே சாத்திக்கொள்ளும். உள்ளேயிருந்து திறக்கிற கைப்பிடி உறைந்துபோய் இறுகிவிட்டது என்று பல தடவை மேலிடத்துக்குச் சொல்லியிருக்கிறேன். சரிசெய்கிறவரை எங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். உள்ளே ஒருவர் போனால் வெளியே ஒருவர் நிற்க வேண்டும், கதவுக்கு ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுக்க வேண்டும். அந்தக் கட்டையை இடம் மாற்றி வைத்தான் என்பதற்காக ஒரு பையனை வேலையைவிட்டே அனுப்பியிருக்கிறேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள் நான் என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி அந்த மேலங்கி.

இந்த நூலகத்தை நடத்துகிற எங்கள் சங்கத்தை ஆரம்பித்தவர் ஒரு வெள்ளைக்காரப் பயணி. வாசலில் நுழைந்ததும் ஆளுயரப் படமாக நிற்கிறாரே, ஒரு காலைப் பாறைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, அவர்தான். பனிமலை ஒன்றைக் கடந்து போய் அந்தப்பக்கத்துப் பள்ளத்தாக்கைக் "கண்டுபிடித்தவர்". அங்கே ஏற்கெனவே ஊர் இருந்தது, ஆடு மேய்ந்தது, பிள்ளைகள் விளையாடின. அதெல்லாம் கணக்கில் இல்லை. அவருடைய பயண நூலை நான் படித்து முடிக்கும்போதெல்லாம் எழுந்து போய்க் கைகழுவுவேன். சுமை தூக்கியவர்களை மிருகக் கணக்கில் எழுதியிருக்கிறார். வெறுங்காலோடு பனியில் வரிசையாக நிற்க வைத்து எடுத்த படம் இருக்கிறது. அந்தக் கால்களைப் பார்த்துவிட்டு ஒருநாள் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. படத்தின் கீழே, "இவர்களுக்குக் குளிர் உறைப்பதில்லை" என்று எழுதி வைத்திருக்கிறார்.

கணவாயின் உச்சியில் ஒரு சுமைகாரன் தன்னுடைய மென்மயிர் மேலங்கியைத் திருடிக்கொண்டு ஓடிவிட்டதாகவும், அதனால் தன் கால்விரல்கள் போயினவென்றும், இந்த மக்கள் பிறவித் திருடர்கள் என்றும் அரைப்பக்கம் எழுதியிருக்கிறார். அந்த அரைப்பக்கம் எத்தனையோ காலமாகப் பள்ளிப் பாடத்தில் இருக்கிறது. நீங்களும் படித்திருப்பீர்கள்.

நான் அந்த அரைப்பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு புத்தகம் எழுதினேன். அவன் திருடவில்லை, எடுத்துக்கொண்டான் என்று எழுதினேன். வெறுங்காலோடு, கந்தலோடு, பிறர் சுமையைத் தூக்கிக்கொண்டு மலையேறிய ஒருவன் கணவாயின் உச்சியில் நின்று யோசித்திருக்கிறான். யோசித்துவிட்டு, எஜமானின் மேலங்கியை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போயிருக்கிறான். அந்த மலையில் நடந்த முதல் கலகம் அதுதான் என்பது என் வாதம். புத்தகத்தின் அட்டையில் அதுவே படம்: மேலங்கி அணிந்த ஒருவன், முதுகு மட்டும் தெரிய, பனியில் நடந்து போகிறான். நல்ல வரவேற்பு. எங்கெங்கோ கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். இயக்குநர் முதலில் தயங்கினார், பிறகு அவரே மாலை போட்டார். காட்சிக்கூடத்தை என்னிடமே ஒப்படைத்தார்கள்.

அதன் நடுவில் ஒரு பெரிய கண்ணாடிப் பெட்டி வைத்தேன். உள்ளே விளக்கு, நல்ல துணி விரித்த மேடை, வேறு ஒன்றும் கிடையாது. அடியில் ஒரே வார்த்தை: "எடுத்துக்கொள்ளப்பட்டது." காலிப் பெட்டியைப் பார்க்க ஜனங்கள் வருவார்களா என்று பைண்டர் கேட்டார். பார்த்த முதல் ஆள் அழுதுவிட்டாள், ஏற்பாடுகளுக்கு உதவ வந்த ஒரு கல்லூரி மாணவி. திறப்பு விழாவுக்கு இன்னும் சில நாட்கள் இருந்தன.

அப்போதுதான் அவர் வந்தார்.

மறுநாள் விடுமுறை என்பதால் மதியமே எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். பைண்டரும் பசைச் சட்டியைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார். வாசல் காவலாளி ஒரு பெரியவரைத் தரைத்தளத்தில் இருக்கும் என் அறைக்கு அழைத்துவந்து விட்டுவிட்டுப் போனார். மெலிந்த உடம்பு, நல்ல வயது. பேருந்து மாறி மாறி வந்த களைப்பு. வியர்வையும் பழைய துணியும் கலந்த ஒரு வாடை, நான் ஜன்னலைத் திறந்து வைத்தேன். தோளில் ஒரு துண்டு. நகங்களுக்குள் மண். இரண்டு கைகளிலும் ஒரு மூட்டையை, கைக்குழந்தையைப் போலத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அம்மா, இது எங்களுது இல்லம்மா," என்றார். "துரையோடது. குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

மூட்டையை என் மேசைமேல் வைத்து அவிழ்த்தார். வெள்ளைத் துணி, அதற்குள் இன்னொரு வெள்ளைத் துணி, நடுநடுவே ஏதோ காய்ந்த இலைகள், அதற்குள் அந்த மேலங்கி. பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. நூலில் இருக்கிற படத்தில் அதே அகலமான கழுத்துப்பட்டி, அதே கொம்புப் பொத்தான்கள். ஒரு பொத்தான்கூட விழவில்லை. மயிர் உதிரவில்லை. என் பிரிவில் இருக்கிற எத்தனையோ பொருட்களைவிட நன்றாக வைத்திருந்தார்கள்.

அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "எங்க பூட்டன் தாம்மா சுமை தூக்கிட்டுப் போனது. ஏறும்போது துரைக்கு வேர்த்திருக்கு. கோட்டக் கழட்டி எங்க பூட்டன் கையில குடுத்து, 'வச்சிரு, அப்புறம் கேக்கறேன்'னு சொல்லியிருக்காரு. அதுக்குள்ள பனி மூடிடுச்சு, இவரு வழி தப்பிட்டாரு. சுத்தி அலைஞ்சு கீழ வந்து சேர்ந்தா, துரை ஊருக்குத் திரும்பிப் போயாச்சு. அவரு கேக்கவே இல்லையேம்மா. அதான் வச்சிருக்கோம்."

"அந்தப் பனியில் அவர் இதைப் போட்டுக்கொள்ளவில்லையா?" என்று கேட்டேன்.

அவருக்கு என் கேள்வி புரியவில்லை. "அது எப்படிம்மா போட்டுக்கறது? துரையோட கோட்டு ஆச்சே." பிறகு கொஞ்சம் பெருமையோடு, "எங்க பூட்டனுக்குக் கையில ரெண்டு வெரலு கிடையாது. பனியில போனது. ஆனா கோட்டுல ஒரு பொட்டு ஈரம் படல" என்றார்.

அவருக்கு என்ன வேண்டும் என்பதையும் சொன்னார். பேத்திக்கு ஒரு நல்ல இடம் வந்து பேசி முடித்திருக்கிறார்கள். பையன் வீட்டில் படித்தவர்கள். யாரோ போய், "கோட்டுத் திருடன் வீட்டுப் பொண்ணு" என்று சொல்லி, பேச்சு நின்றுவிட்டது. சிறு வயதில் அந்தப் பாடம் நடக்கும்போது வகுப்பே திரும்பி அவளைப் பார்க்குமாம். "பேர் போட்டு ஒரு சீட்டு குடுங்கம்மா. கோட்டு வந்து சேந்துடுச்சு, இவங்க திருடலைன்னு. உங்க கையெழுத்து இருந்தா போதும். புள்ள நிமிந்து நடப்பா."

இந்த இடத்தில் நீங்கள் என்னைத் தப்பாக நினைக்கலாம். என் புத்தகம் பொய்யாகிவிடுமே என்று பயந்துபோய்ச் செய்தேன் என்று. அப்படி இல்லை. ஒரு புத்தகம் போனால் இன்னொன்று எழுதிக்கொள்ளலாம். எனக்கு வந்தது பயமே அல்ல. அருவருப்பு. அடிவயிற்றிலிருந்து வந்தது. பேராசிரியரின் எச்சில் விரலைப் பார்க்கும்போது வருவது இதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

யோசித்துப் பாருங்கள். தன்னை மிருகம் என்று எழுதினவனுடைய உடையை நான்கு தலைமுறையாகத் தட்டி, வெயில் காட்டி, இலை மாற்றி வைத்திருக்கிறார்கள். வீட்டில் குழந்தைகள் குளிரில் நடுங்கியிருக்கும். ஒரு குழந்தைக்குக்கூடப் போர்த்தவில்லை. செத்துப்போன எஜமானுக்குக் காத்திருந்திருக்கிறார்கள். நான் தோளில் தூக்கிவைத்துக் கொண்டாடிய மனிதன், இரண்டு விரலைக் கொடுத்து எஜமானின் பொத்தானைக் காப்பாற்றியிருக்கிறான். அதைச் சொல்லும்போது இந்தப் பெரியவருடைய முகத்தில் என்ன ஒரு நிறைவு. வாலாட்டுகிற நிறைவு என்றுதான் எனக்குத் தோன்றியது. சொல்லக் கூடாது, ஆனாலும் உண்மையைச் சொல்லத்தானே வந்திருக்கிறேன்.

அப்போதும் நான் அவர் சொன்னதை உடனே நம்பிவிடவில்லை. பூதக்கண்ணாடி வைத்துக் கழுத்துப்பட்டியைப் பார்த்தேன். ஓர் உடையை யார் யார் அணிந்தார்கள் என்பதைக் கழுத்து சொல்லிவிடும். எண்ணெய், அழுக்கு, முடி. ஒரே ஒருவருடைய அழுக்குதான் இருந்தது, இரண்டு வெளிர்மஞ்சள் முடிகளோடு. வேறு எந்தக் கழுத்தும் அதற்குள் நுழைந்ததில்லை. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. ஒருதரமாவது அந்தச் சுமைகாரன் போட்டுப் பார்த்திருப்பான், அழுக்குப் படாமல் போட்டிருப்பான். மனிதனாகப் பிறந்த எவனும் சாகிற குளிரில் கையில் இருக்கிற மேலங்கியைப் போட்டுக்கொள்ளாமல் இருக்க மாட்டான். என் வாதத்தின் அடிப்படையே அதுதான், இப்போதும் அதில் மாற்றமில்லை.

"சீட்டு தருகிறேன்," என்றேன். "ஆனால் வெளியிலிருந்து வருகிற பொருளை முதலில் குளிரறையில் வைக்க வேண்டும். அந்துப்பூச்சி இருக்கும்."

அந்துப்பூச்சி இல்லை. அது எனக்குத் தெரியும்.

"பூச்சியா? அதெல்லாம் கிடையாதும்மா, வருஷா வருஷம் வெயில்ல காட்டுவோம்" என்று பதறினார். விதி என்றேன். விதி என்றதும் அடங்கிவிட்டார். ஒன்று மட்டும் கேட்டார். இதுவரை அந்த மூட்டை வீட்டு ஆட்களின் கண்ணைவிட்டு விலகியதில்லை, அதனால் தன் கையாலேயே வைத்துவிட்டு வரலாமா என்று. தாராளமாக, என்றேன். உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தேன். கீழே அழைத்துப் போனேன்.

குளிரறை வாசலில் செருப்பைக் கழற்றினார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெரிய மனிதர் வீட்டுக்குள் நுழைகிற பாவனையில், தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டு, வெறுங்காலோடு உள்ளே போனார். குதிகால் முழுக்க வெடிப்பு, வெடிப்புக்குள் கறுப்பு. அந்தக் கால்களை நான் புகைப்படத்தில் பார்த்திருக்கிறேன், அப்போது பரிதாபப்பட்டேன். நேரில் பார்க்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளத்தான் தோன்றியது.

கடைசித் தட்டில் வைக்கச் சொன்னேன், அறையின் கோடியில். அவர் அங்கே போய்ச் சேர்ந்ததும் குனிந்து மரக்கட்டையை எடுத்தேன். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. கட்டையை அதன் இடத்தில், சுவரோரமாக, வைத்தேன். நீங்கள் வந்தபோதும் அது அங்கேதான் இருந்திருக்கும்.

கதவில் முகம் அளவுக்கு ஒரு கண்ணாடி இருக்கிறது. அதன் வழியாகப் பார்த்தேன். திரும்பி வந்தவர் கதவைத் தள்ளிப் பார்த்தார். பிறகு தட்டினார். அடிக்கவில்லை, உதைக்கவில்லை. அதிகாரி அறைக் கதவைத் தட்டுவதைப் போல விரல் முட்டியால் இரண்டு தட்டு. என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்ததும் சிரித்தார். கதவு சாத்திக்கொண்டுவிட்டது என்று கையைக் காட்டினார். அவரால் பிறருக்குத் தொந்தரவு என்ற கூச்சம் அந்தச் சிரிப்பில் இருந்தது.

நான் அலமாரியைக் காட்டினேன். மேலங்கியைக் காட்டினேன். என் இரண்டு கைகளையும் சட்டைக்குள் நுழைக்கிற மாதிரிச் செய்து காட்டினேன். போட்டுக்கொள்ளுங்கள் என்று உரக்கச் சொன்னேன், உதட்டைப் பார்த்தே புரிந்திருக்கும். அவர் புரிந்துகொண்டார். வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துத் தலையை ஆட்டி மறுபடியும் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை என்பது கொஞ்ச நேரத்தில் அவருக்குத் தெரிந்தது.

பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கைகளைத் தேய்த்துக்கொண்டார், நடந்தார், ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றார். இரும்புத் தரையில் பாதம் ஒட்டிக்கொள்கிறது, பிய்த்து எடுத்துத்தான் வைக்க வேண்டியிருந்தது. நான் மறுபடி மறுபடி காட்டிக்கொண்டே இருந்தேன். போட்டுக்கொள்ளுங்கள். அவர் கும்பிட்டார். என்னைக் கும்பிட்டார். எனக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள். யாராவது திட்டினால் வாங்கிக்கொள்வேன். கும்பிட்டால் எனக்கு உடம்பெல்லாம் கூசும். "போட்டுத் தொலையுங்களேன்" என்று கண்ணாடியில் அடித்தேன்.

இதற்கிடையில் என் வீட்டுக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டார். "இன்னும் கிளம்பலையா? வரும்போது பால் வாங்கிட்டு வந்துரு, இருந்தது திரிஞ்சு போச்சு" என்றார். சரி என்றேன். "என்ன, குரல் ஒரு மாதிரியா இருக்கு?" என்று கேட்டார். கீழே குளிர், என்றேன். "வேலையக் கட்டிக்கிட்டு அழாத, சீக்கிரம் வா" என்றார். நல்ல மனிதர். அவருக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை, அவரைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டாம்.

பேசி முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது பெரியவர் அலமாரியிலிருந்து உறையை எடுத்திருந்தார். உறையின் ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்தார், விரல்கள் அதற்குள் மடங்காமல் போய்விட்டன. மேலங்கியை வெளியே எடுத்தார். சந்தோஷத்தில் நான் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டேன். அதை உதறிப் பிடித்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் புத்தகத்தின் அட்டைப்படம் என் கண் முன்னால் உயிரோடு நடக்கப்போகிறது என்று நினைத்தேன்.

அவர் மேலங்கியின் மயிரை ஊதி ஊதிப் பார்த்தார். உறைக்குள் பனி படிந்துவிட்டதோ என்று சந்தேகம் போலிருக்கிறது. பிறகு இடுப்பில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்தார். தன்மேல் போர்த்திக்கொள்ளவில்லை. துண்டை விரித்து, அதன்மேல் மேலங்கியை மடித்து வைத்து, நான்கு பக்கமும் மூடிச் செருகினார். மேல் சட்டையையும் கழற்றி அதைச் சுற்றிக் கட்டினார். அந்த மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, கதவுக்கு எதிரே, என்னைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

எனக்குக் குமட்டியது. உண்மையாகவே வாயைப் பொத்திக்கொண்டேன். வெற்று உடம்பு, நீலம் பாரித்த தோல், மூக்கிலிருந்து வடிந்தது மீசையில் உறைந்து நிற்கிறது, அதற்கு நடுவில் கந்தல் சுற்றிய ஒரு துரையின் மேலங்கி. என் வாழ்நாளில் அதைவிட அசிங்கமான ஒன்றை நான் பார்த்ததில்லை. அந்தப் பயண நூலின் எல்லாப் பக்கங்களையும் சேர்த்தாலும் அவ்வளவு அசிங்கம் கிடையாது. ஆனாலும் நான் கண்ணை எடுக்கவில்லை. எந்த நிமிடத்திலும் மனம் மாறலாம் அல்லவா? நான் அவசரப்பட்டு நகர்ந்துவிட்டேன் என்று இருக்கக் கூடாது.

அவர் முதலில் ஏதோ பேசிக்கொண்டிருந்தார், உதடு அசைந்தது. பிறகு தலை சாய்ந்தது, நிமிர்ந்தது, சாய்ந்தது. ஒரு முறை நிமிர்ந்து என்னை நேராகப் பார்த்தபோது அவர் கண்ணில் கோபம் இருந்ததா என்று தேடினேன். இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். அவர் அசையாமல் ஆன பிறகும் கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் விளக்கை அணைத்துவிட்டு, செருப்பை ஒரு காகிதத்தால் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, கைகழுவிவிட்டுக் கிளம்பினேன். காவலாளி வாசலில் தூங்கி வழிந்துகொண்டிருந்தார். பால் வாங்க மறக்கவில்லை.

மறுநாள் விடுமுறை என்றாலும் காலையில் நானே வந்து கதவைத் திறந்து, நானே உங்களுக்குச் சொன்னேன். உங்கள் ஆட்கள் மூட்டையைப் பிரித்தார்கள். வெறுங்கையால் பிரித்தார்கள், அதைப் பற்றி உங்களிடம் தனியாகப் பேச வேண்டும். மேலங்கியில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

நேற்று அவருடைய பேத்தி இங்கே வந்ததாகச் சொன்னீர்கள். உடம்பைப் பார்த்துவிட்டு, அழுவதற்கு முன்னால், "துரையோட கோட்டு போய்ச் சேந்துடுச்சுங்களா?" என்று கேட்டாளாம். எனக்கு அந்தப் பெண்ணைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. அவள் கேட்கிற சீட்டில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். அவளும் அப்படியே வளர்ந்திருக்கிறாள் என்பது எனக்கு வருத்தம்தான். இயக்குநர் அந்த மேலங்கியை என் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். "எடுத்துக்கொள்ளப்பட்டது" என்ற வார்த்தையை எடுத்துவிட்டு வேறு என்னவோ எழுதப் போகிறாராம். எழுதட்டும்.

ஏன் திறக்கவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். கேள்வியே எனக்கு விளங்கவில்லை. நான் அவரிடம் அப்படி என்ன பெரிதாகக் கேட்டேன்? பணம் கேட்டேனா, பொய் சொல்லச் சொன்னேனா? ஒரு கையை, ஒரே ஒரு கையை அதற்குள் நுழைத்திருந்தால் போதும், அந்த நொடியே திறந்திருப்பேன். தொலைபேசியில் பேசும்போதுகூட என் இன்னொரு கை கதவின் பிடியில்தான் இருந்தது. அந்த மனிதரை விடுதலை செய்வதற்காகத்தானே அவ்வளவு நேரமும் நான் அங்கே கால்கடுக்க நின்றுகொண்டிருந்தேன்.